ஏழாவது வரிசை, நான்காம் கல்

ஆனி கடைசியில்
காவேரிப்பட்டணத்துக் காற்றுக்கு ஒரு புளிப்பு.
கூழ் ஆலைகள் இனிப்பை டப்பாவில் அடைத்து
கப்பலுக்கு அனுப்பிவிடும்.
மிச்சம் எங்கள் பக்கம்.

சென்னப்பன் லாரிக்கு
குப்பைக் கிடங்கு பதினோரு கிலோமீட்டர்,
என் கல் களம் மூன்று.
டீசல் கணக்கில் தொடங்கிய பழக்கம்தான்.
"எத்தனை லோடுக்கா?"
"கொட்டை மட்டும் கொட்டு.
தோலும் வந்தா
ஈக்கு ஒரு ரூபான்னு எண்ணி வாங்குவேன்."

வெயிலில் ஒரு வாரம்.
பிறகு உலக்கை.
பருப்பு ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம்.
பெங்களூரா ஓடு நீளம், நாரும் தாராளம்.
அல்போன்சா பணக்கார வீட்டுப் பிள்ளை,
நார் கேட்டால் கையை விரிக்கும்.
கெம்பம்மா முகம் திருப்பிக்கொண்டே
விரலால் இனம் பிரிப்பாள்.

நூறு சட்டி செம்மண்ணுக்கு
மூன்று சட்டி நறுக்கிய ஓட்டுநார்.
ஐந்து போட்டால்
சவரம் செய்யாத முகம் மாதிரி நிற்கிறது கல்.
ஒன்று போட்டால்
போட்டதே மண்ணுக்குத் தெரியவில்லை.
இந்த மூன்றைக் கண்டுபிடிக்க
எண்ணூறு கல் போச்சு,
ஒரு ஜோடி கம்மலும்.

கிருஷ்ணகிரி பாலிடெக்னிக்கில்
சபியுல்லா கல்லை
இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் வைத்தார்.
வெறும் மண் கல்
ஐந்து டன்னில் 'டப்'.
வாரி எடுக்க முறம் தேவைப்பட்டது.
நார் கல்
ஏழில் ஒரு கோடு காட்டியது.
இன்னும் அழுத்தினார்.
கோடு அகன்றது.
உள்ளே மஞ்சள் நரம்புகள்
இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.
வெளியே எடுத்து
இரு கையாலும் பிய்த்துப் பார்த்தார்.
"விடமாட்டேங்குதேம்மா."
விடாததை எழுத
அவர் பதிவேட்டில் கட்டம் இல்லை.
ஏழு என்று மட்டும் போட்டார்.

அன்றிரவு மழை.
அதற்கப்புறமும் மழை.
அடுக்கின் மேல் போட்ட சாக்கு
இரண்டு வாரமாகக் காயவே இல்லை.
சாக்கை விலக்கிய கெம்பம்மா
அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.
"அக்கா, கல்லு குட்டி போட்டிருக்கு."

ஏழாவது வரிசை, நான்காம் கல்.
செம்பு நிறத்தில் நாலு இலை,
எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது போல.
கல் குறுக்காக வாய் பிளந்திருந்தது.
அதிலும் நார் இருக்கிறது, அதே மூன்று சட்டிக் கணக்கு.
சபியுல்லாவின் கைக்கு விடாதது
இதற்கு மட்டும்
வழி விட்டிருந்தது.

கொட்டையைப் பிளக்காமல் விட்டது யார் என்றேன்.
மூன்று பேரும்
உலக்கையைப் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது.
நானூறு கல் ஏற்கெனவே பர்கூர் போய்விட்டது.
அங்கே யாரோ ஒருவர் படுக்கையறைச் சுவரில்
இன்னொன்று கண் விழித்தால்?
போன் போட்டேன்.
"நல்லா காஞ்சு கெடக்குது, பூச்சு முடிஞ்சாச்சு" என்றார் மேஸ்திரி.
நம்பினேன், முக்கால்வாசி.
மறுநாளிலிருந்து
நார்ச்சட்டி என் கை சலிக்காமல்
குழிக்குள் இறங்குவதில்லை.

நோட்டில் 'கழிவு' என்ற தலைப்பின் கீழ்
ஒரு கல் என்று எழுதினேன்.
எழுதிவிட்டுப் போய்
அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன்.
கெம்பம்மா பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் ஹாரன்.
வாடைக்கு முன்னே வந்துவிட்டன
சென்னப்பனின் ஈக்கள்.
இன்றைக்கும் தோல் கலந்திருக்கிறான்.