ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே

ஒரு லிட்டர் நீரை
ஒரு மணி நேரத்தில் குடிக்கச் சொன்னோம்.
அதில் கலந்த மருந்துக்குச் சோம்பு வாசம்.
டிராம் ஓட்டுகிறவளுக்கு
இவ்வளவு தண்ணீர் பழக்கமில்லை என்றாள் ஸ்கைத்ரீட்டே.
கடைசி நிறுத்தம் வரை
அடக்கியே பழகிய உடம்பு.

அந்தப் பெயருக்கு எங்கள் லாட்விய மொழியில்
தெளிந்தவள் என்று பொருள்.
அறுபத்து நான்கு வயதில்
வயிறு மட்டும்
யாரிடமும் சொல்லாமல் கலங்கியிருந்தது.

அக்ரீதா ஊசியை ஏற்றினாள்.
'அடிவயிறு சூடாகும். நனைத்துவிட்டது போலிருக்கும்.
நனைத்திருக்க மாட்டீர்கள்.'
எந்திரம் சொன்னது: மூச்சை இழுங்கள். பிடியுங்கள்.
பதினொரு நொடி.
ரீகாவின் கூரைகளில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.
விடுங்கள்.
அவ்வளவுதான்.
காலணியைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள்.

என் வேலை அதற்குப் பிறகு,
விளக்கணைத்த அறையில்.
ஒருத்தியை எண்ணூறு சீவல்களாக உருட்டிப் பார்ப்பேன்,
சக்கரத்தை விரலால் தள்ளித் தள்ளி,
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

வயிற்றை ஒன்பது கட்டமாகப் பிரிப்பது வழக்கம்.
சிறுகுடலுக்கு இன்னும் நான்கு.
பதின்மூன்று அறைகளின் கதவையும் தட்டி
எவ்வளவு பெரிது என்று கேட்டு
பூஜ்யமோ ஒன்றோ இரண்டோ மூன்றோ
வாடகை வசூலிக்க வந்தவள் மாதிரி குறித்துக்கொள்வேன்.

ஈரலின் விளிம்பைக் கடித்து வைத்திருந்தது. இரண்டு.
குடல்மேல் தொங்கும் கொழுப்புத் திரை
அடைபோலத் தடித்திருந்தது. மூன்று.
மண்ணீரல் பக்கம் சுத்தம்.
இடுப்புக் குழியில் மூன்று, சந்தேகமே இல்லை.

படம் நாம் கேட்காததையும் சொல்லும்.
இடது விலாவில் மூன்று முறிவு,
என்றோ உடைந்து தானாகக் கூடியவை.
விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.
கணவர் பெயர் கேட்ட இடத்தில் ஒரு கோடு.
'பழைய முறிவுகள், தொந்தரவில்லை' என்று எழுதினேன்.
தொந்தரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?
அந்தச் சொல்லை மட்டும் அழித்தேன்.

பிறகு சிறுகுடல்.
சொன்ன இடத்தில் நிற்காதது,
மடிப்புக்குள் மடிப்பாக ஒளிவது.
ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே
எந்திரமும் குருடு, நானும் குருடு.
ரொட்டிமேல் தூவிய கசகசாவை
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எண்ணச் சொன்னால்
யாரால் முடியும்?
நான்கு அறைக்கும் பூஜ்யம் போட்டேன்.
பூஜ்யம் என்றால் இல்லை என்றல்ல,
நான் பார்க்கவில்லை என்றுதான்.
அதை எழுத அந்தக் கட்டம் போதாது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில்
அறுவை மருத்துவர் அன்சிஸ் கேட்டது ஒன்றுதான்:
'எத்தனை?'
'பதினொன்று.'
'திறக்கலாமா?'
'திறக்கலாம். சிறுகுடலை நம்பாதே.'
'குடலையா, உன்னையா?'
'இரண்டையும்.'
யாரோ சிரித்தார்கள். காபி ஆறிப்போயிருந்தது.

திங்கள் காலை பத்தரைக்குத் தொலைபேசி.
அவர் குரலுக்குப் பின்னால்
தட்டில் விழும் கருவிகளின் கிணுக்கம்.
யாரோ அவர் காதில் பிடித்திருக்க வேண்டும்.
'கையால் தடவிக்கொண்டே போனேன்.
குடல் நெடுக மணல்.
உன் பூஜ்யங்கள் நான்கும் ஒவ்வொன்று.
பதினைந்து.'

எனக்கு நாக்கு எழவில்லை.

'எடுக்கப் பார்க்கிறேன்,' என்றார்.
'இரவாகும். வீட்டுக்குச் சொல்லிவிடச் சொல்.'
யார் வீட்டுக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அறிக்கையைத் திறந்தேன்.
கையெழுத்திட்டதைத் திருத்த முடியாது,
கீழே சேர்க்கலாம்.
துடிக்கும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தெருவில் டிராம் ஒன்று
வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பியது.

வெளியே நடைபாதையில் அடுத்தவர்,
படகுத்துறையில் பளு தூக்குகிறவர்,
டம்ளரை முகர்ந்து பார்க்கிறார்.
'இது எதற்கு?'
'உள்ளே பார்ப்பதற்கு.'
'எல்லாம் தெரிந்துவிடுமா?'
அக்ரீதா
என் கதவைப் பார்க்கிறாள்.