இரண்டாம் பாகம்

எண்பத்தாறு மாசி, வுப்பர்டால்.
உள்ளே ஹீட்டர் இருந்தது; அதற்காகத்தான்
ஐந்து மார்க் கொடுத்தோம், கேதீஸும் நானும்.
ஜெர்மன் ஒரு சொல் தெரியாது.
அட்டைக் கப்பல். தொங்கவிட்ட நூல்
வெளிச்சம் பட்டால் மின்னியது.
கடைசியில் வானோடி ரேடியோவில் ஏதோ கேட்டாள்,
திரும்பத் திரும்ப.
பதில் இல்லை. திரை இருண்டது.
"வீட்டுக்குக் கோல் எடுக்கிறாள், லைன் கிடைக்கேல்லை"
என்றான் கேதீஸ்.
எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

நேற்று இரண்டாம் பாகம்.
பதினேழு யூரோ, சாய்ந்து படுக்கலாம்.
மழைத்துளி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கோள் சுழன்றது.
வசனம் ஒன்று விடாமல் விளங்கியது:
அன்று அவள் கேட்டது எரிபொருள் கணக்காம்.
பதிலும் வந்ததாம்,
நாற்பது நிமிட விளக்கத்தோடு.

நல்ல படம்தான், பொய் சொல்லக் கூடாது.
அந்த மழைக்கு வாய் பிளந்துகொண்டுதான் இருந்தேன்.

வெளியே, ஆற்றுக்கு மேலே
விளக்கெரிய வந்தது தொங்குரயில்.
அண்ணாந்து நூலைத் தேடினேன்.

டொரொண்டோவில் இப்போது பின்னேரம்.
அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.
"எப்படியடா படம்?"

மழையைப் பற்றிச் சொன்னேன்.
எரிபொருளைப் பற்றிச் சொல்லவில்லை.