பாதிச் சவரம்

அருவங்காடு, ஞாயிறு காலை பத்து.
பெஞ்சமின் சலூன் கண்ணாடியில்
சாய்த்து வைத்த போனுக்குள்
லாஸ் வேகாஸில் இன்னும் சனி இரவு.

எட்டாவது ரவுண்டு.
ஒரு கன்னம் நுரையோடு நான்.

டெக்சாஸிலிருந்து மச்சினன் ஹாலன்:
"இதையெல்லாமா பாக்கறீங்க? இங்க
சாம்பியன் பேரே யாருக்கும் தெரியாது."

எனக்கு மட்டும் தெரியுமா?
ஒரே எடைக்கு நாலு பெல்ட்,
பெல்ட்டுக்கு ஒரு சாம்பியன்,
பார்க்கத் தனிக் காசு.
பெஞ்சமின் பிடித்திருப்பது திருட்டு லிங்க்.

சிவப்பு டிரவுசர் கையை ஓங்க
படம் உறைந்தது.
வட்டம் சுற்றியது.
ஊட்டி ரயில் கூவிக்கொண்டே ஏறிப் போனது.
நுரை காய்ந்தது.

படம் திரும்பியபோது
தரையில் கிடந்தது சிவப்பு.
நடுவரின் விரல்கள் ஏழு.

"எப்படி விழுந்தான்?"

"பேசாதீங்க, வெட்டிரும்" என்றான்,
கண்ணை எடுக்காமல்
என் தொண்டையில் கத்தி வைத்து.