கழிவு

திம்மராயன் தொட்டதையெல்லாம்
எழுதி வைத்தவன் நான்.
காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ்த் தொழிற்சாலை,
எடைமேடைக் கணக்கன்.
நோட்டின் முன்பக்கம் லாரி நம்பர், எடை, கழிவு.
பின்பக்கமிருந்து திருப்பினால்
அவன்.

முதல் பதிவு சந்தைத் திடல்.
ஆறு டியூப்லைட், ஒன்று மட்டும் துடிக்கிறது.
பகலெல்லாம் கூடை இறக்கிய தோளோடு,
மாம்பால் பட்டுப் புண்ணான முழங்கையோடு
நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிப் போனான்.
அவன் பாட்டு வெளியே கேட்காது.
நடுவர் குனிந்து காதைக் கொடுத்துத்தான்
தம் இருக்கிறதா என்று பார்ப்பார்.
ஏழு பேர் கை கோத்து நிற்கையில்
யாரைத் தொட்டான், எப்போது திரும்பினான்?
தொடப்பட்டவனே கொஞ்ச நேரம் கழித்துத்தான்
குனிந்து தன் கெண்டைக்காலைப் பார்த்துக்கொள்வான்.
அன்றைக்கு முப்பத்தொன்று.
பென்சில் இரண்டு முறை ஒடிந்தது.

அடுத்த தையில் பூனா கம்பெனி ஒன்று
சம்பளமும் சீருடையும் தந்து கூட்டிப்போனது.
இங்கே கிளப்பில் கூட்டம் போட்டார்கள்.
'காசுக்குப் பாடுகிறவன் கால்
இனி நம் கோட்டில் படக்கூடாது.'
ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்.
எழுதியதும் நான்தான்.
என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பார்கள்.

பங்குனியில் ஒரு ராத்திரி
எடைமேடை அறையில் போன் அடித்தது.
"பதினாலு" என்றான்.
வைத்துவிட்டான்.
எஸ்.டி.டி. காசு அப்படி.
கம்பெனி ஸ்கோர்காரன்மேல் நம்பிக்கையில்லையா,
இல்லை, இங்கே ஒருத்தனாவது
எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா,
கேட்க நேரமில்லை.
ஒன்பது.
பதினேழு.
இரண்டு.
இரண்டு என்று சொன்ன இரவு மட்டும்
கொஞ்ச நேரம் மூச்சு கேட்டது.

இப்படிப் பதினோரு வருடம்.
இடது காது பிய்ந்து, தைத்தார்கள்.
இரண்டு விரல் மடங்காது.
கல்யாணம் மத்தூரில்; நாலு நாள் லீவு,
ஐந்தாம் நாள் ஜோலார்பேட்டையில் ரயிலேறினான்.
மராத்திப் பேப்பர்காரன் அவனைத் 'திமராஜ்' என்று போட்டான்.
அதையும் வெட்டி ஒட்டியிருக்கிறேன்,
மாங்கூழ் விரல் பட்டுக்
கறுத்துக் கிடக்கிறது.

யாரோ ஒரு ஹரியானாக்காரர் வைத்த பழைய கணக்கு
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
(சந்தைத் திடல் முப்பத்தொன்றைச் சேர்த்தால்
இவன் எப்போதோ தாண்டியாயிற்று.
சேர்க்க மாட்டார்களாம்.)

ஒரு வைகாசிக் கடைசி.
லாரி வரிசை அகரம் பிரிவு வரை நிற்கிறது.
போன்.
"பதிமூணு."
கூட்டிப் பார்த்தேன். ஒன்று அதிகம்!
நான் வாயெடுப்பதற்குள்
"ஒண்ணக் கழிச்சுக்கோ" என்றான்.
"கடைசி ஆள்மேல கை படல.
அவனா கையத் தூக்கிட்டு வெளிய போனான்.
ரெப்ரீ விசில் ஊதிட்டாரு."
"அங்க சொல்லலியா?"
"சொன்னேன்.
அதுக்குள்ள மால போட்டுட்டாங்க."

அடுத்த ஆட்டத்தில் முழங்கால் போயிற்று.
அதோடு சரி.
கம்பெனி கொடுத்த பித்தளைத் தட்டில்
அவன் முறியடித்தவன்.
என் நோட்டில் சமம்.

நேற்று டிராக்டரில் வந்தான்,
சொந்தத் தோப்பு, பெங்களூரா காய்.
வலது காலை இழுத்து இழுத்து மேடையேறி
முள்ளையே பார்த்தான்.
வண்டி போக ஆயிரத்து நூற்று நாற்பது.
நூற்றுக்கு ஐந்து கழிவு என்று போட்டேன்.

"அஞ்சா? எதுக்கு அஞ்சு?
ஒரு அழுகல் காய எடுத்துக் காட்டு பாக்கலாம்."
மேனேஜர் வந்தார்.
பின்னால் ஏழெட்டு வண்டி ஹாரன்.
இவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு
கூடை கூடையாகக் கவிழ்க்கப் போனான்.

நான் நோட்டைப் பின்பக்கம் திருப்பி
அந்தக் கடைசி வரியைக் காட்டினேன்.
பன்னிரண்டாக்கப்பட்ட பதிமூன்று.
பார்த்தான்.
தைத்த காதைச் சொறிந்துகொண்டான்.

"அது ஆட்டம்ப்பா" என்றான்.
"இது மாங்கா.
மூணுன்னு போடு."