வராத மேடுகள்

ப்ளோயெஷ்டி. பிப்ரவரி.
சூடேற்றும் குழாய்க்குக் காலையில் இரண்டு மணி நேரம்தான் உயிர்.
குளிர்க்கோட்டின் மேல் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறேன்,
பொத்தான் எட்டவில்லை.
குவார்ட்ஸ் குழாயின் வளைவில் அரை கிராம் வினையூக்கி.
சாம்பல் மணிகள். கோழி பார்த்தால் கொத்தும்.

பெரும்பாலும் அலுமினா.
ஆயிரத்தில் மூன்று பங்கு பிளாட்டினம்.
அதிலும் மேற்பரப்பில் முகம் காட்டுகிற அணுவுக்கு மட்டுமே வேலை.
உள்ளே புதைந்தவை வருகைப் பதிவேட்டில் மட்டும் இருப்பவை,
நம் அலுவலகத்தின் மூன்றாம் மாடி போல
என்பாள் வெத்தூரியா, கதவைச் சாத்திவிட்டு.

முதலில் ஆக்சிஜன்.
ஒவ்வொரு முகமும் ஒன்றைப் பற்றிக்கொள்ளும்.
பிறகு ஆர்கான் ஓட்டத்தில் ஹைட்ரஜன்,
மிடறு மிடறாக,
ஒரு மிடறு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு.
முகம் ஒன்றுக்கு மூன்று அணு செலவு:
இரண்டு, ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு நீராகிப் போகும்.
மூன்றாவது, காலியான இடத்தில் உட்காரும்.
வால்வைத் திருப்புகிறேன்.
மறுமுனையில் சிவப்பு மைப் பேனா
தப்பி வந்ததை மட்டும் வரையும்.

புதுப் பீப்பாயிலிருந்து எடுத்த மணிகள்
நான்கு மிடறுகளைத் தடமில்லாமல் விழுங்கின.
காகிதம் நகர்ந்தது, பேனா நகரவில்லை.
ஐந்தாவதற்கு ஒரு சின்ன மேடு, முழு உயரத்தில் மூன்றில் ஒன்று.
ஆறும் ஏழும் ஒன்றுக்கொன்று அச்சு.
மேடுகளைக் கத்தரித்துத் தராசில் நிறுப்போம்.
வராத மேட்டுக்குக் காகிதமே கிடையாது.
ஆனால் அதுதான் எங்கள் விடை.
நூற்றுக்குத் தொண்ணூறு முகங்கள்.

மூன்றாம் உலையின் மணிகளை
இலாரியே தானே கொண்டுவந்தான், ஊறுகாய்ப் புட்டியில்.
ஷிப்ட் தலைவன் மாதிரி சுமக்கும் வழக்கமில்லை.
உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

முதல் மிடறு காணாமல் போனது.
இரண்டாவதிலேயே பேனா எழுந்துவிட்டது,
பாதி உயரம்.
அதற்குமேல் எல்லாம் முழுசு, முழுசு, முழுசு.
பசியில்லாத பிள்ளைக்கு ஊட்டுவது போல.
இருபத்தொன்பது என்றேன்.
"கசிவு இருக்கும். இன்னொரு தடவை பார்."
இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன், குமிழ் எழவில்லை.
மறுபடி இருபத்தொன்பது.
மூன்றாம் தடவை அவன் கையாலேயே வால்வைத் திருப்பச் சொன்னேன்.
வாயுவுக்கு ஆள் தெரியாது.
முப்பது வந்தது. வெட்டியதில் என் கத்தரி கொஞ்சம் கோணல்.

ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்:
கரி எரித்துச் சுத்தம் செய்த அந்த இரவு
பதிவேட்டில் "இயல்பு" என்று எழுதினேன்.
வெப்பம் எகிறியபோது நான் விழித்திருக்கவில்லை.
பதினோரு நிமிடம்.
அணுக்கள் சூட்டில் நகர்ந்து
ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாக
அந்தப் பதினோரு நிமிடம் போதும். அவனுக்கும் தெரியும்.

நான் எதையும் அழிக்கவில்லை.
அறிக்கையில் மூன்று எண்களையும் எழுதி,
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
குளோரின் கலந்த காற்றில் சுட்டுப் பார்க்கலாம்,
உருண்டைகள் பிரிய வாய்ப்புண்டு.
கையெழுத்துக்குப் பக்கத்தில் இடமிருந்தது.
பேனாவை வாங்கி
அவனும் எழுதினான், தேதி, நேரம், பதினோரு நிமிடம்.
பனிக்காலப் படிப்பணம் அவனுக்கு நின்றது.
அதற்குமேல் என்ன ஆனதென்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஏப்ரலில் அதே ஊறுகாய்ப் புட்டி வந்தது,
வேறொருவன் கையில்.
முதல் மிடறு. பேனா அசையவில்லை.
இரண்டு.
மூன்று.
வெத்தூரியா கத்தரியோடு என் தோளருகே நின்றாள்.
நான்காவதில் மேடு எழுந்தது, பாதிக்குக் கொஞ்சம் மேலே.
அறுபத்தாறு.
தொண்ணூறு இல்லை.
வெட்டி எடுத்த துண்டைத் தராசில் வைக்கும்போது
மூச்சை அடக்கிக்கொண்டேன்,
அந்த எடைக்கு மூச்சும் கணக்கு.