ஏறுவதற்குக் காசு

எங்கள் கட்டிடத்து லிஃப்டில்
இறங்க இலவசம். ஏறக் காசு.
பத்து தெத்ரி விழுந்தால்தான் பொத்தானுக்கு உயிர் வரும்.
லோபியோவிடம் காசு கிடையாது.
ஆனாலும் ஒன்பதாம் மாடிக்கு
அவன் ஒருநாளும் படியேறி வந்ததில்லை.
கீழ்வீட்டுச் சியாலா போடுவாள்.
மருந்துக்கடைப் பையன் போடுவான்.
தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு
எங்களோடு பேச்சை விட்ட ஓதார்கூட
முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஒன்பதை அமுக்கி அனுப்பிவைப்பார்.

லோபியோ என்பது எங்கள் ஊர்ப் பீன்ஸ் குழம்பு.
வந்த அன்றே சட்டிக்குள் தலையை விட்டு
காது வரைக்கும் சாப்பிட்டவன்.
மகள் தேக்லே யோசித்து வைத்திருந்த
ராஜகுமாரப் பெயர்களெல்லாம்
அந்த மதியத்தோடு போயின.

காலை ஆறரைக்கு அவன் நகங்கள்
தரையில் தட்டச்சு செய்யும்.
தேநீரில் ஒரு முடி மிதக்கும்,
எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பேன்.
என்னிடம் உள்ள கறுப்புப் பாவாடைகள்
எதுவும் இப்போது கறுப்பில்லை.

மால்காஸ் சொற்களில் சிக்கனம்.
இருபத்தாறு வருடமாய் மினிபஸ் ஓட்டுகிறார்.
பயணிகளிடம் 'சில்லறை.'
என்னிடம் 'உப்பு.'
அக்டோபர் கடைசியில் ஒருநாள்
நாயையும் வேலைக்கு அழைத்துப் போனார்.
'பக்கத்து இருக்கைக்குத் துணை' என்றார்.
மூன்று சொல். எண்ணினேன்.

அன்றிலிருந்து மாலைகளில்
கஞ்சியை முடிக்காமலே லோபியோ தூங்கிப்போவான்.
கனவிலும் கால்கள் ஓடும்.
அவன் வயிற்று மயிரில் ஒட்டுமுள்,
சீப்பால் ஒவ்வொன்றாய் எடுத்து
தீப்பெட்டிக்குள் போடுவேன்.
மினிபஸ்ஸில் எங்கே முளைக்கிறது முள்?
கேட்கவில்லை.
கேட்டால் பதில் வந்துவிடும்.

வியாழக்கிழமை மின்சாரம் போனது.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் லிஃப்ட்,
லிஃப்டுக்குள் தனியாக லோபியோ.
அவன் ஊளை கேட்டு
டார்ச்சோடு இறங்கினேன், காலுறை மட்டும் போட்டு.
ஒரு திருப்பத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன்.
கீழே இருட்டில் ஒரு குரல்
கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தது.
அவ்வளவு நீளமாய் அந்தக் குரலை
நான் கேட்டதே இல்லை.

'அழாதே, வந்துவிடும்.
வண்டியைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள், கரண்டையுமா?
நாளைக்குக் கடற்கரைக்குப் போவோம்,
அந்த வாத்து உன்னை மறுபடி ஏமாற்றட்டும்.
ஏதெரியிடம் எப்படிச் சொல்வது, சொல்.
நீயே சொல்லிவிடேன்.
உன்மேல் அவளுக்குக் கோபம் வராது.'

ஊளை நின்றிருந்தது.
எங்கள் நகருக்குக் கடல் கிடையாது.
வடக்கே உள்ள நீர்த்தேக்கத்தைத்தான்
கடல் என்போம்.
அதன் கரையெல்லாம் முள்.

டார்ச்சை அணைத்தேன்.
ஓதார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்,
மெழுகுவத்தியும் கையுமாய்.
உதட்டில் விரல் வைத்தேன்.
தலையை ஆட்டி, கதவை
சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.
ஒன்பதாம் மாடிக்குத் திரும்பி ஏறி
செருப்பை மாட்டிக்கொண்டு
தடதடவென்று மறுபடி இறங்கினேன்.
'லோபியோ எங்கே?' என்று
வழியெல்லாம் கத்திக்கொண்டு.

வெளிச்சம் வந்தது. கதவு திறந்தது.
கடித உறையை ஒட்டுவதுபோல
மால்காஸின் முகத்தை
ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை
நக்கினான்.

மறுநாள் காலை
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டினேன்.
'கரையில் காற்று அடிக்கும்,
கம்பளித் தொப்பியை எடுத்துக்கொள்ளச் சொல்'
என்றேன், லோபியோவிடம்.
ஷூ நாடாவில் இருந்த விரல்கள் நின்றன.
கொஞ்ச நேரம் கழித்து
அதே முடிச்சை இரண்டாம் முறை போட்டன.
நானும் கோட்டை மாட்டினேன்.

லிஃப்டில் மூன்று பேரும்
கதவைப் பார்த்தபடி நின்றோம்.
இறங்க இலவசம்தான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஐந்தாம் மாடியில்
லோபியோ பெரிதாய் ஒரு கொட்டாவி விட்டான்.