ஒரு பிக்சல் நீலம்

படத்தைச் சொடுக்கினால்
சுற்றி ஒரு கோடு வரும்.
ஒரு பிக்சல். வெளிர்நீலம்.
வெள்ளைப் பக்கத்தின் மேல்
பாலில் விழுந்த பால்துளி.
எனக்குத் தெரிந்தது.
என் திரை புதிது,
என் கண்ணுக்கு வயது முப்பத்தொன்று.

வடக்கே கெமியார்வியில்
வாரம் இருமுறை வரும் பத்திரிகை.
இரங்கல் பக்கம் இர்மெலியின் பொறுப்பு.
நவம்பர். மதியம் இரண்டரைக்கே ஜன்னல் கறுத்திருந்தது,
மேசைவிளக்கு திரைமேல் மஞ்சளாய்ப் படிந்திருந்தது.
பெயரில் ஓர் எழுத்து கூடுதல்.
பேக்ஸ்பேஸ் தட்டினாள். எழுத்து போகவில்லை.
சுட்டியை அதனருகே வைத்து
மறுபடி தட்டினாள். போனது.
முதல் தட்டில் போனது எது என்று
அவள் பார்க்கவில்லை.
பார்க்கும்படி நான் எதையும் வைக்கவில்லை.

மறுநாள் தாளில்
தாவெத்தி ருவோனலாவுக்கு முகம் இல்லை.
பிறந்த தேதி, இறந்த தேதி, சின்னச் சிலுவை,
மேலே தபால்தலையளவு வெறுமை.

மகள் வந்து சண்டை போடவில்லையாம்.
தாளை நான்காய் மடித்து வைத்துவிட்டு
"அப்பா பனிக்குள் நிற்கிறார் போல" என்றாளாம்.
இர்மெலியின் புகாரில் இது கடைசி வரி.
முதல் வரி:
"எதைப் பிடித்திருக்கிறேன் என்று
உங்கள் எடிட்டர் என்னிடம் சொல்வதே இல்லை."

ஔலுவில், மூன்றாம் மாடியில்,
கோட்டைத் தடிப்பாக்கினேன்.
மூன்று பிக்சல். அடர்நீலம்.
"படமே இருட்டாக இருந்தால்?" என்றாள் அவுலிக்கி.
நீலத்துக்கு வெளியே வெள்ளையில் ஒரு விளிம்பு.
"நிறம் பிரியாத கண்ணுக்கு?"
மூலைக்கு ஒன்றாய் நான்கு கட்டங்கள்.
"திரையைக் காதால் படிப்பவருக்கு?"
அதை நான் யோசித்திருக்கவே இல்லை.
'படம் தேர்வாகியுள்ளது' என்று
குரல் சொல்ல ஒரு வரி சேர்த்தேன்.
"அசிங்கமாக இருக்கிறது" என்றாள் கடைசியில்,
ஒப்புதல் பொத்தானை அழுத்திக்கொண்டே.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஆரஞ்சுக் குச்சிகள்.
அக்டோபரிலேயே நட்டுவிடுகிறார்கள்,
தரை தெரிகிற நாளில்
தரை தெரியாத நாளுக்காக.
அப்போது பார்க்க அசட்டுத்தனமாய் இருக்கும்.
இன்று பனி முழங்கால்வரை.
பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று
குச்சிக்கு மட்டும்தான் தெரியும்.

திருத்திய அறிவிப்புக்கென
இர்மெலி படத்தை மறுபடி அனுப்பியிருந்தாள்.
காலையில் அதைத்தான் சோதனைப் பக்கத்தில் வைத்தேன்.
மயிர்த்தொப்பி, ஒரு கையில் மீன்,
வெயிலுக்குச் சுருங்கிய கண்.
சொடுக்கினேன்.
கிழவரைச் சுற்றி நீலம் எழுந்தது,
நான்கு மூலையிலும் கட்டங்கள்,
அறைக்கு அந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

அடுத்து, அழிகிறதா என்று பார்க்கவேண்டும்.
விரல் விசைமேல் இருந்தது.

அந்தச் சோதனைக்கு
ஒரு காப்பிக்கோப்பையின் படத்தைத் தேடி எடுத்தேன்.